கோபுரத்துக்கு அடியில் ஒரு ஸ்பெயின் ராஜா

ஸ்பெயின் நாட்டுத் தங்கக் காசு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்குத் தெரியும். ஜாக் ஸ்பாரோ. கண்ணில் மை, கையில் ரம், நிலா வெளிச்சத்தில் எலும்புக்கூடு ஆகும் கொள்ளைக்காரர்கள். அந்தப் படத்தில் வரும் சாபத் தங்கம் கதைப்படி ஆஸ்டெக் மக்களுடையது, ஸ்பெயினுடையது இல்லை. ஆனாலும் கடற்கொள்ளை, புதையல், மரப்பெட்டி என்றால் நம் தலைக்குள் ஓடுவது ஸ்பெயின் காசுதான்.

அதைச் சேர்ப்பதற்கென்றே உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். 'எட்டு எஸ்குடோ' என்று ஒரு காசு, 27 கிராம், கிட்டத்தட்ட மூன்றரைப் பவுன். பழசில் சிலுவையும் கேடயமும் இருக்கும், பிற்காலத்தில் அடித்ததில் ராஜாவின் முகம் இருக்கும். 1715-ல் ஹவானாவிலிருந்து கிளம்பிய ஸ்பெயின் கப்பல் கூட்டம் ஒன்று ஃபுளோரிடா கரையோரம் புயலில் சிக்கி, 12 கப்பல்களில் 11 மூழ்கிப்போனது. இன்றைக்கும் அந்தக் கரையில் காசு ஒதுங்குகிறது, ஆட்கள் மெட்டல் டிடெக்டரோடு நடக்கிறார்கள். யூட்யூபில் பார்த்தால் பொறாமையா இருக்கும்.

நமக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது, விடுங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். அந்த ஸ்பெயின் ராஜாக்களில் ஒருத்தர் சின்ன காஞ்சிபுரத்தில், எங்க ஆயாவோட தகரப் பெட்டியில், எந்தப் புயலும் இல்லாம பத்திரமா படுத்திருந்தார். (எங்க பக்கம் பாட்டி கிடையாது, ஆயாதான்.) அவர் முகத்து மேல ஒரு கோபுரம் நின்னுட்டு இருந்தது. அதனால இத்தனை வருஷமா யாருக்கும் தெரியல.

பெட்டியில் இருந்தது ரெண்டே காசு. ஒன்று வெள்ளி, பெரிசு, ஏறக்குறைய 21 கிராம். இன்னொன்று தங்கம், சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, 3.4 கிராம். ஆயாவின் அம்மா கொடுத்தது. சரஸ்வதி பூஜை அன்றைக்கு ரெண்டும் வெளியே வரும், புளி போட்டுத் தேய்க்கப்படும், தறிமேல் சந்தனம் குங்குமத்தோடு உட்காரும், மறுநாள் பெட்டிக்குள் போகும். நாணயம் சேர்ப்பவர்கள் இந்தப் புளி விஷயத்தைக் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். பழைய காசைத் தேய்க்கவே கூடாது என்பது அவர்களுடைய முதல் சட்டம். தேய்க்கத் தேய்க்க மேல்பரப்பு போய்விடும், அதோடு பாதி விலையும் போய்விடும். ஆயாவிடம் இதைச் சொன்னேன். "சாமிக்கு வெக்கறத அழுக்கோடயா வெப்பாங்க?" என்று கேட்டது. அதோடு அந்த விவாதம் முடிந்தது.

போன வருஷம் மெட்டீரியல்ஸ் பாடத்தில் டை, பஞ்ச், பிளாங்க் எல்லாம் நடத்தினார்கள். காசு அடிப்பதை உதாரணமாகச் சொன்னார்கள். அந்த வாரம் ஊருக்குப் போனபோது அந்த வெள்ளிக் காசை முதல் தடவையாக ஒரு மெக்கானிக்கல் ஸ்டூடண்டாகப் பார்த்தேன். நடுவில் கோபுரம், ரெண்டு பக்கமும் நட்சத்திரங்கள். சுற்றிப் பட்டை மாதிரி ஒன்று, பக்கிள்கூட இருக்கிறது, அசல் பெல்ட். அந்தப் பட்டைக்குள் ஆங்கிலத்தில் 'ஹாஃப் பகோடா', கூடவே பாரசீக எழுத்து. பின்பக்கம் தாமரை மேல் பெருமாள், சுற்றிலும் தமிழிலும் தெலுங்கிலும் 'அரைப் பூவராகன்' என்று எழுத்து. ஒரே காசில் நாலு மொழி! நம்ம ஊர் ரயில்வே போர்டுகூட மூன்றோடு நிறுத்திக்கொள்ளும்.

அப்புறம் போன் டார்ச்சைச் சாய்த்து, காசின் தளத்துக்கு ஒட்டின மாதிரி பக்கத்திலிருந்து வெளிச்சம் விட்டேன். நீங்களும் வீட்டில் எந்தப் பழைய காசையும் இப்படிப் பாருங்க, நேராக அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாதது தெரியும். நட்சத்திரங்களுக்கு நடுவே, தலைகீழாக, ரோமன் எழுத்துகள். ஓ, எல், யு, எஸ். கோபுரத்தின் அடித்தளத்துக்குப் பக்கத்தில் ஒரு வளைவு. ரொம்ப நேரம் முறைத்த பிறகுதான் அது ஒரு மனுஷனுடைய தாடையின் கோடு என்று புரிந்தது.

அந்த எழுத்து 'கரோலஸ்' என்பதன் கடைசிப் பகுதி. லத்தீனில் கார்லோஸ். ஸ்பெயின் ராஜா கார்லோஸ், மூன்றாமவரோ நான்காமவரோ. நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் பெருமாள் கோவில் கோபுரம் ஏறி உட்கார்ந்துவிட்டது.

இது எங்க காசில் மட்டும் நடந்த அதிசயம் இல்லை. 1807-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச்சாலைக்கு எந்திரங்கள் வந்தன. அப்போது அவசரமாக நிறைய வெள்ளிக்காசு தேவைப்பட்டது. கையிருப்பில் ஸ்பெயின் டாலர்கள் கிடந்தன. முறையாகச் செய்வதென்றால் உருக்கி, சுத்தம் பார்த்து, தகடாக்கி, வட்டம் வெட்டி, அப்புறம் அடிக்க வேண்டும். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 27 கிராம் டாலரின் ஓரத்தை வெட்டி எடையைக் குறைத்து, அப்படியே டைக்கு நடுவில் வைத்து ஒரே அடி! பிளாங்க் தயாரிக்கும் செலவு மிச்சம். அடி முழுசாக விழாத இடங்களில் பழைய உருவம் எட்டிப்பார்க்கிறது. இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் இந்த எட்டிப்பார்க்கும் ராஜாவுக்காகவே அரைப் பூவராகனைத் தேடுகிறார்கள். அன்றைக்கு அது குவாலிட்டி கண்ட்ரோலில் ஃபெயில், இன்றைக்கு அதுதான் ஸ்பெஷல்.

காசில் இருக்கும் கோபுரம் எந்தக் கோவில் என்று காசு சொல்வதில்லை. ஆகவே நான் வரதராஜப் பெருமாள் கோவில் என்றே வைத்துக்கொள்கிறேன். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் சண்டைக்கு வரலாம், ஹாஸ்டல் ரூம் நம்பர் தருகிறேன்.

இனி அந்த ராஜா கதை. 1772-க்கு முன்னால் ஸ்பெயின் அமெரிக்கக் காலனிகளில் எந்திரத்தில் அடித்த வெள்ளி டாலரில் ராஜா முகம் இருக்காது. ரெண்டு தூண், நடுவில் ரெண்டு உலக உருண்டைகள், கீழே கடல் அலை. தூண்கள் ஜிப்ரால்டர் நீரிணையைக் குறிப்பவை, அதைத் தாண்டியும் எங்கள் ராஜ்ஜியம் உண்டு என்ற பெருமை. 1772-ல் மூன்றாம் கார்லோஸ் தன் முகத்தைக் காசில் போட்டார். அதே வருஷம் வெள்ளியின் சுத்தத்தை ஆயிரத்துக்கு 917-லிருந்து 903-க்கு ரகசியமாக இறக்கினார். 1786-ல் இன்னொரு ரகசிய உத்தரவு, 896. தங்கத்திலும் இதே வேலை, 917-லிருந்து 901, அங்கிருந்து 875. வெளியே ராஜாவின் முகம் ஜம்மென்று இருக்கும், உள்ளே சரக்கு குறைந்துகொண்டே போகும். இதுக்கு இன்னிக்கு நாம வேற பேர் வைப்போம். கேன்டீன் சாம்பாருக்கும் அதே பேர்தான்.

1788 டிசம்பரில் அவர் இறந்து மகன் நான்காம் கார்லோஸ் பட்டத்துக்கு வந்தார். செய்தியும் புது முத்திரையும் கடல் கடந்து மெக்சிகோவுக்கும் பொட்டோசிக்கும் போய்ச் சேர வேண்டுமே! அதுவரை காசு அடிப்பதை நிறுத்த முடியாது. அதனால் 1789, 1790-ல் மகன் பெயரையும் அப்பா முகத்தையும் சேர்த்து அடித்தார்கள். பெயர் மாற்றின அப்டேட் வந்துவிட்டது, போட்டோ மாற்றின அப்டேட் வரவில்லை. 1808-ல் நான்காம் கார்லோஸ் மகனிடம் முடியை இழந்தார், அப்புறம் அப்பா மகன் ரெண்டு பேரிடமும் நெப்போலியன் பிடுங்கிக்கொண்டார். மெக்சிகோவில் புது ராஜா ஏழாம் ஃபெர்னாண்டோவின் முகம் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் கற்பனையாக ஒரு முகம் செதுக்கிக் காசு அடித்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில்தான் சென்னையில் கார்லோஸ் முகத்தின் மேல் கோபுரம் ஏறிக்கொண்டிருந்தது. அங்கே சிம்மாசனம் போச்சு, இங்கே முகமே போச்சு.

இந்த வெள்ளி ஏன் இவ்வளவு தூரம் வந்தது? இதுக்குப் பதில் தெரிஞ்ச அன்னிக்குத்தான் எனக்கு இந்தக் காசு வெறும் பழசா தெரியாம போச்சு. ஆரம்பத்தில் ஆங்கிலேயர் நம்மிடம் விற்க வந்த சாமான் இங்கே பெரிசாகப் போகவில்லை. சோழமண்டலக் கடற்கரையில் நாற்பது டிகிரி வெயிலில் கம்பளித் துணி யாருக்கு வேணும்? ஆனால் நம் பருத்தித் துணி அவர்களுக்கு வேண்டும். கொடுக்க அவர்களிடம் இருந்த ஒரே நல்ல சரக்கு வெள்ளி. அந்த வெள்ளி பொட்டோசி மலையிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் ஸ்பெயின் வழியாக லண்டன் போய், அங்கிருந்து பெட்டி பெட்டியாகச் சென்னைக்குக் கப்பல் ஏறியது. பொட்டோசியில் 1545-லிருந்து வெள்ளி வெட்டினார்கள். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பூர்வகுடிகளை முறைவைத்துக் கட்டாய வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், பாதரசப் புகையில் எத்தனையோ பேர் செத்தார்கள். அந்த மலையை வெட்டியவனும் இங்கே குழித்தறியில் கால் வைத்து உட்கார்ந்தவனும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஒருவன் வெட்டியது இன்னொருவனுக்கு முன்பணமாக வந்தது. காஞ்சிபுரத்துத் தறிகள் அன்றைக்குப் பட்டுக்கு அல்ல, பருத்திக்குத்தான் அதிகம் ஓடின.

ஒரு நேர்மையான பின்குறிப்பு: அரைப் பூவராகன் அடித்த காலத்தில் கம்பெனியே இங்கே ஆட்சியாளர் ஆகிவிட்டது. நம்மிடம் வரியாக வசூலித்த பணத்திலேயே நம்மிடம் துணி வாங்க முடிந்தது. இதைவிடச் சிறந்த பிசினஸ் மாடல் எந்த எம்.பி.ஏ. காலேஜும் சொல்லித்தராது.

சரி, சின்னக் காசுக்கு வருவோம். தங்கம். இதுதான் வராகன். ஆங்கிலேயர் 'பகோடா' என்றார்கள், கணக்கில் நட்சத்திர பகோடா. முன்பக்கம் நிற்கும் பெருமாள், பின்பக்கம் மணல் தூவின மாதிரி புள்ளிகள், நடுவில் ஒரு நட்சத்திரம். 1740 வாக்கில் தொடங்கி சுமார் 1807 வரை சென்னையில் அடித்தார்கள். ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. ரூபாயில் சொன்னால் மூன்றரை. கவனிச்சீங்களா? 'பணம்' என்பது அப்போது ஒரு குட்டிக் காசின் பெயர். அரை கிராம்கூட இல்லாத ஒரு தங்கப் பொட்டு. இன்றைக்கு நாம் 'பணம் அனுப்பு மச்சி' என்று ஜிபேயில் கேட்கும்போது அந்தத் தங்கப் பொட்டைத்தான் கேட்கிறோம்.

வராகனுக்கு அந்தப் பெயர் விஜயநகர ராஜாக்களின் பன்றிச் சின்னத்திலிருந்து வந்தது. எங்க ஊருக்கும் அவர்களுக்கும் நல்ல பழக்கம். 1514-ல் கிருஷ்ணதேவராயர் வரதராஜப் பெருமாளின் புண்ணியகோடி விமானத்துக்குத் தங்கம் பூசினார். அதே காலத்தில் அவர் அடித்த வராகனில் தவழும் வயசுக் கண்ணன் கையில் வெண்ணெயோடு உட்கார்ந்திருப்பார். உதயகிரிக் கோட்டையைப் பிடித்தபோது அங்கிருந்து ஒரு பாலகிருஷ்ணர் சிலையை விஜயநகரத்துக்கு எடுத்துப் போனவர் அவர். அவர் தம்பி அச்சுததேவராயர் 1533-ல் காஞ்சிபுரம் வந்து, தராசின் ஒரு தட்டில் தாம் ஏறி, மறுதட்டில் முத்துக்களைக் கொட்டித் துலாபாரம் கொடுத்தார். அவருடைய காசில் கண்டபேரண்டம், இரட்டைத் தலைப் பறவை, அலகிலும் காலிலும் யானைகளைத் தூக்கிக்கொண்டு பறக்கும். நம் மேட்ச் லோகோ எல்லாம் பிச்சை வாங்கணும். பிறகு வேங்கடபதி ராயர் தன் பெயரைப் போடாமல் வேங்கடேசப் பெருமாளுக்கு வணக்கம் என்று எழுதி, பெருமாளையே நிற்க வைத்தார். தன் முகத்தைப் போட்டுக்கொண்ட கார்லோஸ் ஒரு பக்கம், தன் பெயரையே எடுத்துவிட்ட வேங்கடபதி இன்னொரு பக்கம். ரெண்டுமே அரசியல்தான். ஆனால் ரெண்டாவது எனக்குப் பிடித்திருக்கிறது.

1639-ல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் ஆங்கிலேயருக்குச் சென்னையில் இடம் கொடுத்தபோது காசு அடிக்கும் உரிமையும் சேர்த்துக் கொடுத்தார். வந்தவர்கள் புத்திசாலிகள். தங்கள் ராஜா முகத்தைப் போட்டால் காஞ்சிபுரம் சந்தையில் யார் வாங்குவார்? பெருமாளையே தொடர்ந்து அடித்தார்கள். கிளைவ் கொடுத்ததாகச் சொல்லும் மகரகண்டி இன்றைக்கும் வரதர் கழுத்தில் ஏறுகிறது. மனசு பக்தியா கணக்கா என்பதை அவர் அவர் தீர்மானத்துக்கு விட்டுவிடலாம். ஆனால் சாமி உருவம் போட்ட காசு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1818-ல் சென்னையில் வராகன் போய் ரூபாய் வந்தது, 1835-ல் இந்தியா முழுக்க ஒரே ரூபாய், அதில் நாலாம் வில்லியம் முகம். கோபுரம் இறங்கி மறுபடியும் ஒரு வெளிநாட்டு ராஜா ஏறிவிட்டார்.

இந்தத் தங்கக் காசை காலேஜில் சோதித்துப் பார்த்தேன். கெமிஸ்ட்ரி லேபில் நாலு தசமம் காட்டும் தராசு இருக்கிறது. காற்றில் 3.40 கிராம். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் 0.21 கிராம் குறைகிறது. வகுத்தால் அடர்த்தி 16 சொச்சம். சுத்தத் தங்கம் 19.3, பித்தளை எட்டரை. மீதி வெள்ளியும் செம்பும் என்று வைத்துக் கணக்குப் போட்டால் தங்கம் சுமாராக 80 சதவீதம். நட்சத்திர வராகனுக்கு அதுதான் வழக்கமான மாற்று. காசைச் சொறியாமல், உரைகல்லில் தேய்க்காமல், ஆர்க்கிமிடீஸ் பதில் சொல்லிவிட்டார். முதல் வருஷம் இதை நடத்தும்போது தூங்கியவர்கள் கையைத் தூக்கலாம்.

இதே வகுத்தலை இன்னொரு இடத்திலும் போட்டுப் பார்த்தேன். 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோவிலில் மண்ணுக்குள் ஒரு பாத்திரம் கிடைத்தது, செய்தியில் பார்த்திருப்பீங்க. 505 தங்கக் காசுகள், மொத்தம் 1.716 கிலோ. 1716-ஐ 505-ஆல் வகுங்க. 3.4. ஒரு வராகன் எடை! அந்தப் பாத்திரத்தை யாரோ ஏதோ ஒரு பயத்தில் புதைத்திருக்கிறார்கள், திரும்பி வந்து எடுக்கவில்லை. அதனால்தான் அந்த 505-ம் உருகாமல் நமக்குக் கிடைத்தன. (உங்க வீட்டு மண்ணில் இப்படி ஏதாவது கிடைச்சா ஸ்டேட்டஸ் போடாதீங்க. 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கு, கலெக்டரிடம் சொல்லணும். பரம்பரையா வீட்டில் இருப்பது வேற விஷயம், அதை வச்சிருக்கலாம். ஆனா நூறு வருஷத்துக்கு மேல் பழசானதை நாட்டை விட்டு வெளியே அனுப்பக்கூடாது.)

உருகாமல் என்று சொன்னேன் இல்லையா, இப்போது அந்த இடத்துக்கு வருகிறேன். ஐந்தாவது செமஸ்டர் கட்டணம் கட்ட வேண்டிய மாசம், அப்பாவுக்கு ரெண்டு மாசமாகப் பாவு வரவில்லை. பாவு வந்தால்தான் தறி, தறி ஓடினால்தான் கூலி. ஆயாவின் பெட்டி திறந்தது. அப்பா அந்தத் தங்கக் காசை ஒரு நகைக்கடைக்கு எடுத்துப் போனார், நானும் கூடப் போனேன். கல்லில் ஒரு இழுப்பு இழுத்து "எண்பது டச், பழைய தங்க ரேட்டுக்கு எடுத்துக்கலாம்" என்றார்கள். வரும் தொகை கட்டணத்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டும். உருக்கிவிடுவீங்களா என்று கேட்டேன். வேற என்ன பண்றது என்று சிரித்தார்கள். தப்பாகச் சொல்லவில்லை. அவர்களுக்கு அது 2.7 கிராம் தங்கம், அவ்வளவுதான்.

எங்க தெருவில் 'பழைய பட்டுப் புடவை, சரிகை வாங்குறது' என்று மைக் கட்டின வண்டி வரும். புடவையை எரித்தால் பட்டு சாம்பலாகும், சரிகையிலிருந்து வெள்ளி தங்கும். எங்க தாத்தா நெய்த புடவைகள் பல அப்படித்தான் போயின. ஒரு கோர்வைக் கரை பிடிக்க ரெண்டு பேர் உட்கார்ந்து நெய்த பதினஞ்சு நாள் வேலை, கடைசியில் ஒரு வெள்ளிக் குண்டு. நகைக்கடையிலிருந்து திரும்பும்போது எனக்கு அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

காசு சேர்ப்பவர் ஒருவரை எனக்குத் தெரியும். உருக்கு விலையைவிட அதிகம் தருவதாகச் சொன்னார். காசும் பிழைக்கும், கட்டணமும் கட்டலாம். எனக்கு இதைவிட நல்ல முடிவு இருக்க முடியாது என்று தோன்றியது. ஆயாதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"அவரு கிட்ட குடுத்தா அது அவரு வூட்டுதாயிடும். உருக்கினா நம்ம வூட்டுலயே இருக்கும்."

எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் விளக்கிச் சொன்னது. ஆயாவின் அம்மாவிடம் இதே மாதிரி அஞ்சு காசு இருந்ததாம். நாலை உருக்கித்தான் ஆயாவின் தாலிக் குண்டும் பெரிய அத்தையின் கம்மலும். இந்த அஞ்சாவது எனக்கு. என் கல்யாணத்துக்கு உருக்குவதற்காகத்தான் இத்தனை வருஷம் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தது. ஆயா கணக்கில் உருக்குவது அழிப்பது இல்லை, அடுத்த ஆளுக்கு மாற்றிக் கொடுப்பது. விற்பதுதான் அழிப்பது.

"தங்கத்துக்கு ஏதுடி கண்ணு மொகம்? நம்மதுன்னு இருக்கறதுதான் மொகம்."

ரெண்டு நாள் யோசித்தேன். ஆயா சொன்னதுக்கு வரலாற்றில் ஆதாரம் நிறைய இருக்கிறது, அதுதான் சங்கடம். ராஜாக்கள் எல்லாரும் இதைத்தான் செய்தார்கள். கிருஷ்ணதேவராயரின் கண்ணனில் பாதி உருகித்தான் அடுத்தவர் காசு ஆகியிருக்கும். சங்க காலத்தில் மிளகுக்கும் முத்துக்கும் ரோமிலிருந்து வந்த தங்கக் காசுகளையே பாருங்க. 1898-ல் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பானையில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன, அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தில் உளி வெட்டு. இங்கே செல்லாது, தங்கம் மட்டும்தான் என்று யாரோ தீர்மானித்து ஒவ்வொன்றாக வெட்டியிருக்கிறார்கள். ரோம ராஜா முகத்தில் வெட்டு, ஸ்பெயின் ராஜா முகத்தில் கோபுரம். ரெண்டாயிரம் வருஷமா இந்த மண் வெளிநாட்டு ராஜா மூஞ்சிக்குப் பெரிசா மரியாதை கொடுத்ததில்லை, ஆனா அவர் கொண்டுவந்த உலோகத்தைத் திருப்பி அனுப்பினதும் இல்லை. ஆயா அந்த வழி.

ஆனாலும் நான் விடவில்லை. வெள்ளிக் காசை எடுத்து, டார்ச்சைச் சாய்த்து, அந்தத் தலைகீழ் எழுத்தைக் காட்டினேன். இது ஒரு ராஜா பேரு ஆயா, அவன் ஊர் மலையில வெட்டின வெள்ளி, நம்ம ஊர்த் துணி வாங்கறதுக்காக வந்தது, இதோ பாரு தாடை என்று விரலால் கோடு காட்டினேன். ஆயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தது. "இத்தினி வருசம் இவன் மூஞ்சிக்கா நான் பொட்டு வெச்சேன்?" என்றது. அப்பா சிரித்துவிட்டார். அந்த ரெண்டு மாசத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கடைசியில் விற்கவும் இல்லை, உருக்கவும் இல்லை. தங்கக் காசை அடகு வைத்தோம். மீதித் தொகைக்கு அப்பா கைமாத்து வாங்கினார். அடகுச் சீட்டில் 'காசு 1, 3.400 கிராம்' என்று எழுதியிருக்கிறார்கள். பெருமாளும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. கொடுப்பதற்கு முன்னால் ரெண்டு பக்கமும் படம் எடுத்தேன், நாலு கோணத்தில் வெளிச்சம் விட்டு, பக்கத்தில் ஸ்கேல் வைத்து. எழும்பூர் அருங்காட்சியகத்தில் காசுக் கூடம் இருக்கிறது. அடுத்த முறை சென்னை போகும்போது அங்கே இருக்கும் வராகன்களோடு படத்தை ஒப்பிட்டுப் பார்க்கணும்.

வட்டி மாசா மாசம் நான்தான் கட்டுகிறேன், ரெண்டு பள்ளிக்கூடப் பசங்களுக்குக் கணக்கு டியூஷன் எடுத்து. ஒரு வருஷத் தவணை வர்ற தை மாசம் முடிகிறது. அதுக்குள் பிளேஸ்மென்ட் வந்தால் முதல் சம்பளத்தில் மீட்டுவிடுவேன். மீட்ட பிறகு அது கல்யாணத்துக்கு உருகுமா, காசாகவே இருக்குமா என்பதில் எனக்கும் ஆயாவுக்கும் சண்டை பாக்கி இருக்கிறது. தாலிக் குண்டுக்குக் கடையில் வேற தங்கம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "அது எங்க அம்மா தங்கமாயிடுமா?" என்று கேட்கிறது. இதுக்கு என்னிடம் பதில் இல்லை, உங்களில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்க.

வெள்ளிக் காசு வீட்டில்தான் இருக்கிறது. இந்த சரஸ்வதி பூஜைக்குப் புளி போடவில்லை. அதோடு, கோபுரம் இருக்கிற பக்கத்தைக் கீழே திருப்பி, பெருமாள் பக்கத்தை மேலே வைத்துத்தான் ஆயா பொட்டு வைத்தது.